வலி இல்லாத நாள்

ஓசூரிலிருந்து பேரிகை போகும் பஸ்ஸில், கம்பெனி யூனிபார்மில் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"வலி இல்லாத நாளுதான் எனக்குப் பயமே."

"ஏன்க்கா?"

"நல்லா இருக்கேன்னு எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செஞ்சிடுவேன். மறுநாள் எந்திரிக்கவே முடியாது. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, நடிக்கறேன்னு வீட்டுல சொன்னாங்க. டாக்டரம்மா இது உடம்பு பூரா வர்ற நிஜ வலிதான், பைப்ரோமயால்ஜியான்னு பேரு சொன்னதும் அங்கயே அழுதுட்டேன்."

"இப்ப?"

"நல்ல நாள்லயும் பாதி வேலைதான். மீதித் துணிய வாளியிலயே விட்டுட்டு, டாக்டரம்மா சொன்ன மாதிரி நடக்கப் போயிருவேன்."

"வீட்டுக்காரரு திட்டலையா?"

"முதல்ல கத்துனாரு. நேத்து நடந்துட்டுத் திரும்பினா, அவரே துணிய அலசிக் காயப்போட்டுட்டு இருந்தாரு. பாக்காத மாதிரி இன்னொரு சுத்து நடந்துட்டு வந்தேன்."