மாடி லைட்டைப் போட்டது யார்?

ஹலோ... ஹலோ, அம்மா... கேக்குதா?... நான்தாம்மா, தீனா... எந்த தீனாவா? நீ பெத்தியே, அந்த தீனா. மெட்ராஸ் ஹாஸ்டல்ல சேத்து இன்ஜினியருக்குப் படிக்க வெச்சிகீறியே, அதே ஆளு... ஆங், சாப்ட்டேன்... மத்தியானம் சாம்பார்னு சொல்லி ஒண்ணு ஊத்துனாங்க. நானும் நம்பி சாப்ட்டேன்... சரி சரி, அதை விடு.

நைனா வந்தாரா?... கேக்கக் கூடாதா? சரி, கேக்கல. வரலன்னு எடுத்துக்கறேன்... ஏரிக்கு எதிர்க்கரைல கங்காதரன் மாமா குடிசையிலியேதான் கீறாரா?... அம்மா, நீ ஒரு தடவை மாடி லைட்டைப் போட்டா வந்துடப் போறாரு. தினமும் அந்த லைட்டைப் பாத்துதான மீன் போட்டை நேரா நம்ம ரேவுல கரை சேப்பாரு? தோணிரேவு ஊர் முழுக்க எத்தினி லைட்டு எரிஞ்சாலும் அவரு கண்ணுக்கு அது ஒண்ணுதான் லைட்டு... ஆமா, ஆமா. அவரு வந்தா நீ லைட்டு போடுவ. நீ லைட்டு போட்டா அவரு வருவாரு. ரெண்டு பேர் கொள்கையும் பிரமாதம். நடுவுல ஏரிதான் இருட்டா கீது.

இல்லம்மா, சிரிக்கல. கேளு. மத்தியானம் எனக்குப் போன் பண்ணாரு... ஆமா, பேசுனாரு. நல்லாத்தான் கீறாரு. இன்னைக்கு இருட்டறதுக்குள்ள மாடில லைட்டு எரியலன்னா, விடிஞ்சதும் மாமாவோட சூளூர்பேட்டைப் பக்கம் நண்டுக்குப் போயிடுவாராம். அப்புறம் தீபாவளிக்குத்தான் இந்தப் பக்கமாம்... போகட்டுமா? சரி, போகட்டும். உனக்குக் கவலையே இல்ல... ஆமா, குரல்லியே தெரியுது. மூக்கை உறிஞ்சாத, சரியா கேக்கல.

இன்னாது, வெங்காயமா?... சரி, வெங்காயம்தான்.

நான் போன் பண்ணது வேற விசயத்துக்கு. வைஃபை பொட்டில பச்சை லைட்டு எரியுதா பாரு... எரியுதா, சரி. அது பக்கத்துல, பொங்கலுக்கு வந்தப்போ நான் ஒண்ணு மாட்டிட்டுப் போனேனே, ரிலே போர்டு... ஆமா, அந்தப் பல்லி முட்டை போடற டப்பா. அம்மா, அது பல்லிக்காக மாட்டுனது இல்ல. இங்க நான் போன்ல பட்டனை அமுக்குனா அங்க ஃபேனு, டீவி, மோட்டாரு எல்லாம் ஓடும், நிக்கும்... எதுக்கா? நீ மோட்டாரைப் போட்டுட்டு எதிர்வூட்டு கிறிஸ்டினா அக்காவோட பேசப் போயிடற. டேங்க் ரொம்பி வழிஞ்சி, ஏரி நம்ம தெருவுக்கே வந்துடுது. அதுக்குத்தான்.

இப்ப இன்னா ஆச்சுன்னா, வெள்ளையடிக்கறப்போ எலக்ட்ரீசியன் பிராங்க்ளின் அண்ணன் போர்டைக் கழட்டித் திருப்பி மாட்டுனாரு இல்ல? வயரை எல்லாம் எடம் மாத்தி சொருகிட்டாரு. எந்தப் பட்டனுக்கு எது ஓடும்னு இப்ப அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால நான் ஒவ்வொண்ணா அமுக்கறேன், இன்னா ஓடுதுன்னு நீ சொல்லு... இப்பவே. வெளிச்சம் கீறப்பவே... இல்ல, சும்மா சொன்னேன்.

மாடி லைட்டா? நான் எதுக்கு மாடி லைட்டைத் தொடப்போறேன்?... நீ போடாம அது எரியக் கூடாது. சரி, புரியுது... சத்தியமா, அம்மா. எந்தப் பட்டன் மாடி லைட்டுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இது நூத்துக்கு நூறு உண்மை.

ரெடியா? மொதல் பட்டன். ஃபேனுன்னு எழுதிகீது. அமுக்கிட்டேன்... அம்மா? அது இன்னா சத்தம்?... மிக்ஸியா! நீ குமிழைத் திருப்பியே வெச்சிருந்தியா? மூடி போட்டுகீறியா?... போடல. சட்னி எங்க கீது?... செவுத்துல. புதுசா அடிச்ச செவுத்துல. சரி, நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். திட்டாத. பச்சை கலர் நம்ம வீட்டுக்கு நல்லாத்தான் இருக்கும்.

ரெண்டாவது. இது மோட்டாருன்னு போட்டுகீது... டீவியா? சத்தத்தைக் கம்மி பண்ணு, இங்க ஹாஸ்டலே கேக்குது... ரிமோட் எங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? மெட்ராஸ்ல இருந்து ஃபேனை ஓட்ட முடியும், சோபாவுக்கு அடில பாக்க முடியாது... சரி, நானே நிறுத்தறேன். இன்னா, வேணாமா? உன் சீரியலா? அம்மா, ஒரு வேலை நடந்துகினு கீது... யாரு, அந்த மருமகளா? திருந்திட்டாளா? நல்லது. நிறுத்தறேன்.

மூணாவது... ஃபேனு! அப்பாடா, ஒண்ணு கெடைச்சிது... இன்னா ஆச்சு?... முருங்கைக் கீரை ஆய்ஞ்சி கீழ கொட்டி வெச்சிருந்தியா. எல்லாம் பறந்துடுச்சா. எல்லாமுமா?... தலைலியா? தட்டி விடு.

இரும்மா, போனை வெக்காத, வெக்காத. படிப்பு விசயம் இது. ப்ராஜெக்ட்டு. மார்க்கு போடுவாங்க... ஆமா, சத்தியமா. நாலாவது, இதோ... மோட்டாரு. சரி, நிறுத்திட்டேன். அஞ்சாவது... அமுக்கிட்டேன்.

இன்னா ஓடுது?... ஒண்ணும் ஓடலியா? நல்லா பாரு. ஹால்ல?... அடுப்படில?... பாத்ரூம்ல?... வீட்டுக்குள்ள எதுவுமே எரியல, எதுவுமே ஓடல?... ரொம்ப சந்தோசம்! இல்ல இல்ல, ரொம்ப வருத்தமா கீதுன்னு சொன்னேன். அந்தப் பட்டன் அவுட்டு போல. விடு, அதைத் தொடவே வேணாம். அப்பிடியே இருக்கட்டும்.

வெளிய போவாத! இல்ல, காத்து. ஏரிக்காத்து. வெங்காயம் நறுக்குன கண்ணுக்கு ஆவாது. உள்ளியே ஒக்காந்து கீரை பொறுக்கு, நாம பேசிகினு இருக்கலாம். அம்மா, எனக்கு ஒண்ணு புரியல. நைனா அப்பிடி இன்னா சொல்லிட்டாரு? காட்டூர்ல சித்தி வீட்ல நண்டுக் கொழம்பு சாப்ட்டாரு. நல்லா கீதுன்னாரு. அதுக்கா இம்மாம் நாள்?... நல்லா கீதுன்னு சொல்லல. சரி. இன்னா சொன்னாரு?... 'இதுதான் நண்டுக் கொழம்பு'ன்னாரா. ஓ. 'தான்' போட்டாரா?... ஆமா. ஆமா, பாயிண்டுதான். சித்தி வெச்சது'தான்' நண்டுக் கொழம்புன்னா, நீ இத்தினி வருசமா வெச்சது இன்னா? நியாயமான கேள்வி. அதுவும் சித்தி காதுல விழற மாதிரி. சித்தி சிரிச்சாளா?... மெதுவா சிரிச்சாளா. அது இன்னும் மோசம்.

யாரும்மா அது, வாசல்ல கத்தறது?... கிறிஸ்டினா அக்காவா? அவங்க எதுனா சொல்லுவாங்க, நீ காதுல வாங்காத... அம்மா, போவாத... அம்மா?

...ஹலோ? ம். கீறேன். லைன்லதான் கீறேன்... மாடில லைட்டு எரியுதா? ஆச்சரியமா கீதே... சமாதானமான்னு தெருவே கேக்குதா... இல்லம்மா, நான் பொய் சொல்லல. எந்தப் பட்டன்னு தெரியாதுன்னேன். அப்போ தெரியாது. இப்போ தெரியுது... அம்மா, அணைக்காத. அந்த ஸ்விட்சைத் தட்டுனா அணையாது, லைனு போர்டு வழியாவும் வருது... ஏய், இன்னா பண்ற? ப்ளக்கைப் புடுங்காத! போர்டு ப்ளக்கை... அம்மா!

புடுங்கிட்ட.

போன்ல 'தொடர்பில் இல்லை'ன்னு வருது. எல்லா பட்டனும் செத்துப்போச்சு. இனிமே நான் நெனைச்சாலும் ஒரு ஈ கூட அங்க பறக்காது. திருப்தியா?... ஆமா, நான் அயோக்கியன்தான். யாரு புள்ளை?... சரி, சரி. இரு, நைனா ரெண்டாவது லைன்ல கூப்புடறாரு. வெக்காத. உன்னைய வெயிட்டிங்ல போடறேன். வெக்காத, நான் சொல்றேன்.

ஹலோ, நைனா... ஆமா. எரிஞ்சிது... ஆமா, அணைஞ்சிது... அதான், இப்ப இன்னா பண்றதுன்னு கேக்கறியா? எங்க கீற நீ?... நடு ஏரிலியா! லைட்டைப் பாத்ததும் கெளம்பிட்டியா? மாமாகிட்ட சொல்லிட்டு வந்தியா?... 'பாத்தியாடா, எம் பொண்டாட்டி லோகநாயகி போட்டுட்டா'ன்னு தோள்ல தட்டிட்டு வந்தியா. போச்சு... இல்ல நைனா, ஒண்ணும் சொல்லல. இன்ஜினை நிறுத்திட்டியா? அங்க தண்ணி எம்மாம் கீது?... இடுப்பளவுதானா? எறங்கி போட்டைப் புடிச்சிகினு நிக்கறியா. சரி. திரும்பிப் போனா மாமா சிரிப்பாரு, நேரா வந்தா அம்மா மூஞ்சியை எப்பிடிப் பாக்கறது. புரியுது. நீ நில்லு. அசையாத... யாரு போட்டதா? நைனா, வீட்ல அம்மாவும் பல்லியும்தான் கீறாங்க. ரெண்டுல எதுன்னு நீயே பாத்துக்கோ. வை, வை, பேசிட்டு வரேன்.

அம்மா, கீறியா?... கீற. வெச்சிருப்பன்னு நெனைச்சேன். நைனா நடு ஏரில கீறாரு... ஆமா. லைட்டைப் பாத்துட்டு வந்தாரு. அது அணைஞ்சதும் அங்கியே நின்னுட்டாரு. இடுப்பளவு தண்ணில, போட்டை மாடு மாதிரி புடிச்சிகினு. முன்னாலயும் வரல, பின்னாலயும் போவல... சிரிக்கறியா?... இல்லியா? சரி, வெங்காயம்.

அம்மா, நான் மத்தியானமே அவரைக் கேட்டேன். அந்த 'தான்' பத்தி. அவரு சொன்னது வேற. உனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு. இருந்தாலும் சொல்றேன். அது கேள்வியாம்மா... கேள்வி. 'இதுதான் நண்டுக் கொழம்பா?'ன்னு கேட்டாராம். அதாவது, இதைப் போயி நண்டுக் கொழம்புன்னு வெச்சிகீறாங்களேன்னு. கடைசில ஒரு 'ஆ' இருந்துச்சு... நீ கேக்கல. சித்தியும் கேக்கல. யாருமே கேக்கல, ஏன்னா வாய் நெறைய சோறு. வாய் நெறைய சோறு இருந்தா 'ஆ' எப்பிடிம்மா வெளிய வரும்? முழுங்கிட்டாரு... நான் கதை கட்டிச் சொல்றேனா? நானா? ஏழு பேப்பர்ல அரியர் வெச்சிகீறவன் நான். இம்மாம் மூளை இருந்தா அங்க காட்டியிருக்க மாட்டேனா?

அம்மா?... அம்மா, கீறியா?

...இன்னாது? மூணாவது தடவை எப்பிடி வாங்குனாரா? எதை?... ஓ. கொழம்பை. மூணு தடவையா ஊத்திக்கினாரு?... அது வந்து... இதுதான் நண்டுக் கொழம்பான்னு சந்தேகம். ஒரு தடவைல தீரல. திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணிகீறாரு. அவரு புள்ளை நான் பட்டனை டெஸ்ட் பண்ற மாதிரி... சிரிச்சிட்ட. இப்ப சிரிச்சிட்ட, கேட்டேன்... சரி, சிரிக்கல. சரி.

இரு, திரும்பக் கூப்புடறாரு. ஒரு நிமிசம்.

ஹலோ, நைனா, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு, பேசிகினுதான்... இன்னா? எரியுதா?... மாடி லைட்டா? நல்லா பாரு, கிறிஸ்டினா அக்கா வீட்டு லைட்டா இருக்கப் போவுது... நம்மளுதா? இல்ல நைனா, நான் தொடல. சத்தியமா தொடல. இந்த சத்தியம் நெஜமான சத்தியம்... நைனா? இன்ஜினைப் போட்டுட்டியா? ஒண்ணும் கேக்கல! மெதுவா வா! நைனா!... வெச்சிட்டாரு.

அம்மா... ம்... ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு சந்தேகம். போர்டு ப்ளக்கு இன்னும் உன் கைலதான கீது?... கைலதான் கீதா. சரி. அப்ப மாடில லைட்டு எப்பிடி எரியுது?... உனக்குத் தெரியாது. ஆமா, ஆமா. கை பட்டிருக்கும். கீரை பொறுக்கறப்போ, ஹால்ல, தரையில ஒக்காந்துகினு, மாடிப்படி ஸ்விட்சுல கை பட்டிருக்கும். நீளமான கை. நம்ம குடும்பத்துல எல்லாருக்குமே.

இன்னா?... நான் போட்டேன்னு அவர்கிட்ட சொல்லணுமா? மெட்ராஸ்ல இருந்து நான் அமுக்குனதுன்னா? அம்மா, அப்பிடிச் சொன்னா அவரு போட்டைத் திருப்பிடுவாரு... ஆமா, திருப்பிடுவாரு... சொல்லாம இருந்தாவா? அவரு நீதான் போட்டன்னு நெனைச்சிக்குவாரு... ம்... ம்... சரி. சொல்லல. நீயும் சொல்லாத. யாரும் யாரையும் கேக்க வேணாம்.

ப்ளக்கைத் திரும்ப சொருகிடு, அம்மா. ஃபேன் இல்லாம அவருக்குத் தூக்கம் வராது... சொருகறியா? ஆனா இன்னா?... ம்... அந்த ஒரு லைட்டு மட்டும் என் போன்ல வேணாமா... ஏன்?... சரி, சரி, கேக்கல. பிராங்க்ளின் அண்ணன்கிட்ட சொல்றேன், அந்த ஒரு வயரை மட்டும் போர்டுல இருந்து எடுத்துடுவாரு. ஃபேனு, டீவி, மோட்டாரு எல்லாம் நான் பாத்துக்கறேன். அது உன்னோட ஸ்விட்சு. நான் தொட மாட்டேன்.

அது இன்னா சத்தம்? போட்டா? ரேவுக்கே வந்துட்டாரா!... அம்மா, இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருப்பாரு, ஒரு லுங்கி எடுத்துகினு போ... ஏற்கெனவே எடுத்து வெச்சிட்டியா? எப்போ?... சரி, கேக்கல, கேக்கல. போ. தலையில ஒட்டிகீற கீரையைத் தட்டிட்டுப்... அம்மா?

ஹலோ?

ஹலோ?