கட்டைவிரல்

புனேவின் பிம்ப்ரியில் மெட்ரோ ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைக்காரர் தமிழில், "யாரைக் கேட்டு அவன் சிலைக்கு வில்லைக் குடுத்தாங்க?" என்றார். சட்டையில் ராணுவப் பதக்கங்கள். பக்கத்தில் மனைவி. ஆதிவாசி வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தின் திறப்பு விழாவிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆதிவாசின்னா வில்லுதானேங்க? அடையாளத்துக்கு வச்சிருப்பாங்க."

"என்கூட பீரங்கிப் படையில இருந்தவன். சண்டையில செத்தவன். ஊர்ல மத்த ராணுவ வீரன் சிலைக்கெல்லாம் துப்பாக்கி, ஆதிவாசிங்கறதால இவனுக்கு மட்டும் வில்லா?"

"ஊர்ல வில்லு விட்டிருப்பார்ல?"

"விடுவான். லீவுல அவன் ஊருக்குப் போனப்ப பார்த்திருக்கேன். அம்பு மேல கட்டைவிரல் படவே படாது. மத்த விரலாலதான் இழுப்பாங்க, அது அவங்க வழக்கம். சிலையில கட்டைவிரலாலதான் பிடிச்சிருக்கு."

"வீட்டு ஆளுங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்களா?"

"மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டாங்க. வேற என்னத்தைக் கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிற?"

கசார்வாடி நிலையத்தில் ரயில் நின்றது.

"அதானா," என்றார் அந்த அம்மாள். "திரையை விலக்கினதும் அவர் சம்சாரம் சிலை முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க."