பன்னிரண்டு ஸ்பூன் உப்பு

– சத்தியமா சொல்றேன் டாக்டரம்மா, சாம்பார்ல உப்பை வாரத்துக்கு ஒரு ஸ்பூனா குறைச்சேன். நாப்பதுல ஆரம்பிச்சு இப்போ இருபத்தெட்டுல நிக்குது.

– நான் நம்பறேன் மாஸ்டர். ஆனா இந்த ஃபேக்டரியில இருநூறு பேரோட யூரினைச் சோதிச்சாச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவு உப்போ, இப்பவும் அதே உப்பு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

– ரெண்டு வேளையும் நம்ம கேன்டீன்லதானே சாப்பிடறாங்க? இதோ, மிச்சம் பிடிச்ச உப்பு இந்த டப்பாவுல இருக்கு, நீங்களே பாருங்க.

– அவங்க சாப்பிடற மேஜையில வச்சிருந்த உப்பு டப்பா என்ன ஆச்சு?

– நீங்க சொன்ன அன்னைக்கே எடுத்துட்டேன். சத்தியமா ஒருத்தனும் முகம் சுளிக்கல.

– அதான் இடிக்குது. கொஞ்சங்கொஞ்சமா குறைச்சா நாக்குக்குத் தெரியாது, பல இடத்துல பண்ணிப் பார்த்த விஷயம். சொல்லிட்டுக் குறைச்சாத்தான் வம்பு. யார்கிட்டயாவது சொன்னீங்களா?

– மூச்சு விடல. கூட சமைக்கிற தங்கச்சிக்கே தெரியாது.

– எது அண்ணே எனக்குத் தெரியாது?

– வந்துட்டியா தங்கச்சி? இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. சாம்பார்ல உப்பைக் குறைச்சுட்டு வர்றேன். இங்க பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு, அதுக்காக டாக்டரம்மா செஞ்ச ஏற்பாடு.

– வேணும்னேவா குறைச்சீங்க?

– ஏம்மா, உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?

– நான் என்னத்தைச் சொல்ல டாக்டரம்மா... ரெண்டாவது வாரமே ஒரு வாய் வச்சேன், சப்புன்னு இருந்துச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. அண்ணனுக்கு நாக்கு மரத்துப்போச்சு, மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாருன்னு பயந்துட்டேன்.

– பயந்து?

– வீட்டுலேர்ந்து பொட்டலம் கட்டிக் கொண்டாந்து, அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினதும் என் வாய்க்குச் சரியா வர்ற வரைக்கும் போட்டுடுவேன். தினமும். கோச்சுக்காதீங்க அண்ணே.

– கோவம் எதுக்கு! அப்பாடா, குழப்பம் தீர்ந்துச்சு. நாளைக்கே முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடலாம். என்ன மாஸ்டர், ஏன் உக்காந்துட்டீங்க?

– தங்கச்சி, நான் ருசி பாக்கறதுக்கு முன்னாடி போடுவியா, பின்னாடி போடுவியா?

– முன்னாடிதான் அண்ணே. சப்புன்னு இருக்கறது உங்களுக்கே தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவீங்களேன்னு.

– தினமும் வாயில வச்சுப் பாத்து, "இன்னைக்கு இன்னும் குறைஞ்சிருக்கு, ஊர்ல எவனுக்கும் தெரியல, நம்ம நாக்கு மட்டும் கண்டுபிடிச்சிடுது"ன்னு பூரிச்சுப் போயிட்டு இருந்தேன் டாக்டரம்மா.