நீதியரசர் ஓரின் டாஸ்கர் அவர்களுக்கு, அழிக்கப்படாத அந்த ஒரு வரியோடு

இருபத்து மூன்று ஆண்டுகள் எங்கள் மன்றில் வீற்றிருந்த பெருந்தகையே! கறுப்பு அங்கிக்குள் கனிந்த நெஞ்சைக் காத்தவரே! வணக்கம்.

வாஷிங்டன் மேலவை தங்களைப் பதவி நீக்கி ஆறு வாரம் ஆகிறது. நீக்கப்பட்டவருக்கு மன்றத்தில் விழா இல்லை, சுவரில் படமும் இல்லை. ஆகவே ஆற்றங்கரை உணவகத்தின் பின்னறையில், வறுத்த கெளுத்தியும் சோள ரொட்டியுமாக, பணியாளர்கள் நாங்களே கூடியிருக்கிறோம்.

எதைச் சொல்லிப் புகழ்வோம்! விலங்கோடு வந்தவனையும் ‘மிஸ்டர்’ என்றழைத்த மாண்பையா? பனியில் சிக்கிய காவலர் லூதரின் காரைத் தாங்களே தள்ளிவிட்டு, “தள்றது நானு, மூச்சு வாங்குறது நீயா?” என்று கேலி செய்த எளிமையையா?

‘பதிவுக்கு இல்லை’ என்று தாங்கள் சொன்னால்தான் சுருக்கெழுத்தர் வெர்னா அம்மையார் பொறியிலிருந்து கையை எடுப்பார். அந்த மார்ச் காலையில், தங்கள் அறையில், அரசு வக்கீல் வெளியே சென்றதும், வழக்கில் சிக்கிய தம் மகனுக்காகத் தாமே வாதாட வந்த தங்கள் பால்ய நண்பரிடம், “கவலப்படாத, உன் மகன் ஜெயிலுக்குப் போக மாட்டான். நான் பாத்துக்கறேன்” என்றீர்கள். ‘பதிவுக்கு இல்லை’ என்று முதலில் சொல்ல மறந்தீர்கள். வெர்னா அம்மையாரின் விரல்கள் எழுதிவிட்டன.

மறுநாள், “அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடும்மா” என்றீர்கள்.

“சொன்னத சொன்னபடி எழுதுவேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் ஐயா. பண்ண வச்சதே நீங்கதானே” என்றார் அவர்.

அந்த வரிதான் வாஷிங்டன் போனது. மேலவை உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ‘குற்றவாளி’ என்றபோது, தொலைக்காட்சி முன் நாங்கள் அழுதோம். ஆனாலும் ஐயா, தாங்கள் செய்தது தவறு. அதை மறைத்துப் பாடும் புகழ் தங்களுக்கு வேண்டாம்.

அன்று முதல் வெர்னா அம்மையார் சரியாக உண்பதில்லை. “அவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசினாப் போதும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். (இவ்விரண்டு வரிகளை அவர் எழுதவில்லை, நாங்கள் சேர்த்தோம்.)

விருந்துக்கு அழைத்தபோது, “வெர்னா வருதா?” என்று கேட்டீர்கள். மடலை எழுதுவதே அவர்தான் என்றோம்.

“அப்போ அதுல பொய் இருக்காது. வர்றேன். எம்பக்கத்துல அதுக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க.”

போட்டிருக்கிறோம், ஐயா! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாங்கள் வாழ்க! மன்றச் சுவரில் தங்கள் படம் ஏறாவிட்டால் என்ன, தங்கள் வீட்டுச் சுவரில் இம்மடல் இருக்கட்டும். இதில் உள்ள அன்பு முழுவதும் பதிவுக்கு உரியது.

மன்றப் பணியாளர்கள் அனைவரும்

சொன்னது சொன்னபடி எழுதியவர்:
வெர்னா கீட்டிங், சுருக்கெழுத்தர்