மூச்சுக்கு ஒரு புள்ளி

புள்ளியை விட்டது நான்தான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எழுதச் சொல்லித் தாளும் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் லோகோ வரைகிறவன். பேக்கரி, செருப்புக் கடை, பல் ஆஸ்பத்திரி என்று பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு திகில் கம்பெனி வந்து சேர்ந்தது. பேய் வீடு, திகில் நாடகம், காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற திகில் கதை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ‘மூச்’. சத்தம் போடுகிற பிள்ளையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சொல்வோமே, அந்த மூச். நல்ல பெயர். நான் வைத்ததில்லை என்பதால் தாராளமாகப் பாராட்டலாம்.

‘ச்’ மேலிருக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டரில் தனி அடுக்காக, லேயராக, வைத்திருந்தேன். எழுத்தின் வளைவைச் சரிபார்க்க அதை மறைத்தேன். மறைத்ததை மறந்தேன். ஃபைல் போய்விட்டது. திறப்பு விழாவில் முப்பதடி போர்டின் துணியை இழுத்தார்கள். ‘மூச’. பாதியில் நின்றுபோன தும்மல் மாதிரி இருந்தது.

“மூசன்னா என்னங்க?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “புள்ளி எங்கய்யா?”

“உள்ள இருக்கிற பேயப் பாத்து பயந்து ஓடிடுச்சு சார்.”

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. என்னை விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். விரட்டியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். “மொத்தத்தையும் புதுசா வரை. லோகோ, போஸ்டர், டிக்கெட், எல்லாம். பாத்தாலே குலை நடுங்கணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இளைப்பே வந்துவிட்டது. மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்திவிட்டு, மூச்சு திரும்பியதும் மறுபடி சிரித்தாள். “ஏண்டா, உங்க பேய்க்கு மூக்கடைப்பா?” நல்ல நகைச்சுவை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தனியாகக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். என் கல்யாணம் முறிந்து, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு தலையணையுமாக நான் வாசலில் நின்றபோது, ஏன் என்றோ எத்தனை நாள் என்றோ கேட்காமல் ஜன்னல் ஓர அறையை ஒழித்துக் கொடுத்தாள். நானும் நன்றி கெட்டவன் இல்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தூசி ஆகாது. மெத்தை உறைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் உதறுவது நான், பம்பில் மருந்து தீர்கிறதா என்று பார்த்துப் புதிது வாங்கி வருவதும் நான். அவளுடைய மூச்சைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

ஏழு வாரம் வரைந்தேன். மண்டை ஓடு வரைந்தேன். பல் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பல்வரிசை பளிச்சென்று வந்துவிட்டது. ரத்தம் சொட்டுகிற எழுத்து வரைந்தேன். பேக்கரிப் பழக்கத்தில் அது ஜாம் மாதிரி வழிந்தது. ஒவ்வொரு தடவையும் முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: “ஏதோ ஒண்ணு குறையுது.”

“என்ன சார் குறையுது?”

“அது தெரிஞ்சா நானே வரைஞ்சுட மாட்டேனா?”

அச்சகத்துக்காரரிடம் காட்டினேன். “உங்க அளவுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். என் அளவு என்னவென்று சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அக்காவிடம் காட்டினேன். “நல்லா இருக்குடா” என்றாள். அதற்கு முதல் நாள் அவளிடம் காட்டியது செருப்புக் கடைப் படம். அதற்கும் நல்லா இருக்குடாதான். இது பதிலே இல்லை, பாசம். பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு மனிதன் ஏழு வாரம் கண் வீங்க வேலை செய்துவிட்டு, இது பயமாக இருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். ஆமாம் அல்லது இல்லை. வாயில் அடங்குகிற சொற்கள்தான். ஒருவராவது நேராகச் சொல்லியிருந்தால் நான் வேறு யாரையும் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா என் அறை அலமாரியைத் துடைக்கிறேன் என்று கிளம்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தூசி ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பம்பைக் காணவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேஜையில் தேடினேன். என் தாள்களுக்கு அடியில் கிடந்தது. எடுக்கப் போனவன் நிமிர்ந்து பார்த்தேன்.

அவளுடைய மூச்சு ஜன்னல் கண்ணாடியில் படிந்து வட்டமாக ஒரு புகை மூட்டம். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு புள்ளி அளவுக்கு.

ஏழு வாரமாகத் தேடியது அது. பென்சிலை எடுத்தேன். பத்து விநாடி இருக்கும், அவ்வளவுதான். பிறகு பம்பைக் கொடுத்தேன்.

“எங்கடா இருந்துச்சு?” என்று கேட்டாள், பேச்சு வந்ததும்.

“தாளுக்கு அடியில.”

“உன் மேஜையில யானையே தொலைஞ்சாலும் தெரியாது” என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் இதில் முக்கியம். தெரியாமல் நடப்பது துரோகம் ஆகாது, ஒரு சின்னத் தாமதம்தான்.

படத்தைப் பார்த்த முதலாளி முதல் தடவையாகத் தலையைச் சாய்க்கவில்லை. “கிட்ட வந்துட்ட. ஆனா இந்த மூச்சு பாதியிலயே நிக்குது” என்றார். பாதியில் நிறுத்தியது நான்தானே.

எனவே இரண்டாவது தடவைக்கு ஏற்பாடு தேவைப்பட்டது. மாடிக்கு எடுத்துப்போக வேண்டிய மெத்தை உறையை அறைக்குள்ளேயே உதறினேன். பம்ப் என் சட்டைப் பையில் இருந்தது. தேடுகிற மாதிரி இழுப்பறையை ஒரு கையால் திறந்து திறந்து மூடினேன். மறு கையால் வரைந்தேன். முக்கால் நிமிடம். அவள் நல்லபடியாகக் கண்ணாடிக்கு அருகிலேயே நின்றாள், எனக்கு அதிர்ஷ்டம். பம்பைக் கொடுத்துவிட்டு அவள் முதுகைத் தடவிவிட்டேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் கல் இல்லை. அன்றைக்கு அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன்.

படம் ஒப்புக்கொள்ளப்பட்டது. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ‘ச்’ மேல் புள்ளிக்குப் பதிலாகக் கண்ணாடியில் தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு மூச்சு. முதலாளி வெகுநேரம் பார்த்தார். “இத எப்படிய்யா பிடிச்ச?” என்றார்.

“வீட்டு வேலைதான் சார்” என்றேன்.

மூன்றாவது தடவையைப் பற்றித்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். லோகோ முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு என்கிறீர்கள். உங்கள் போலீஸ் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன், என் தொழில் உங்களுக்குப் பிடிபடவில்லை. லோகோ என்பது ஒரு தலை. உடம்பு முழுக்க மிச்சமிருந்தது: போஸ்டர், டிக்கெட், நுழைவாயில். எல்லாவற்றிலும் அதே மூச்சு வர வேண்டும். போன செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் அறையில் உறையை உதறினேன். பம்ப் பையில் இருந்தது. அவள் கண்ணாடியைப் பிடித்தாள். வட்டம் சிறுத்தது. புள்ளியானது. பிறகு புள்ளியும் இல்லை. அவள் கண்ணாடியைத் தட்டினாள், தட்டிக்கொண்டே சரிந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பம்பைக் கைவிட்டு எடுத்தார். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எண்ணவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், பிழைப்பாளா என்று. “பாக்கலாம்” என்றார். உங்களிடம் கேட்டேன். “முதல்ல எழுதுங்க” என்றீர்கள். பாருங்கள், எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம்.

இதுவரை நேற்று எழுதியது.

இன்று காலை அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். அவள்தான் கேட்டாளாம். நீங்கள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டீர்கள். இருந்தாலும் என் கையால் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மூக்கில் குழாய் இருந்தது. கை மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“சாப்ட்டியா?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அக்கா, வேலைக்காகத்தான்க்கா. உனக்கு எதுவும் தெரியாதுன்னுதான் நெனச்சேன். தெரியாதுல்ல?”

கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

“தெரியும்டா. முதல் தடவையே நீ தாளைத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப மூடினது கண்ணாடியில தெரிஞ்சுது. சரி, தம்பிக்கு வேலை முடியட்டும்னு நின்னேன். ரெண்டாவது தடவை உனக்கு நல்லாத் தெரியணும்னு நானே கண்ணாடிகிட்ட போனேன்.” நிறுத்தினாள். குழாய் வழியாகக் காற்று போகிற சத்தம் கேட்டது. “மூணாவது தடவை திரும்பி உன்னையே பாத்தேன். உன் கையில பென்சிலே இல்லையேடா.”