கூரையிலிருந்து இறங்காத தாத்தா

— போதும், ரெண்டு பேரும் வாயை மூடுங்க. முதல்ல இங்க யார் யார் இருக்கோம்னு சொல்லிடுறேன். நாளைக்கு எவனும் மாத்திப் பேசக் கூடாது. நான், இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன். இவ என் தம்பி மகள், வம்சத்து மானத்தைச் சாக்பீஸால கரைக்கிறவ. அப்புறம் பஸ் டிரைவர். வேற யாரும் இல்ல.

— வெளியே பஸ் நிறைய ஜனம் நிக்குதே, ஐயா.

— அவங்க கணக்குல வரமாட்டாங்க.

— அவங்கதான் ஐயா கணக்கே! நான் சும்மா சொல்லல. அவங்க வர்றதை நிறுத்தினா இந்த ஊருக்குப் பஸ்ஸும் நின்னுடும். பழையபடி நீங்களும் இந்தப் பொண்ணும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

— பெரியப்பா, நம்ம வீட்டுக் கதவுல நான் எழுதின கதையைத் துடைச்சது நீங்கதானே?

— ஆமா. ஈரத்துணியால. அழுத்தி.

— ஊரை விட்டுப் போனவங்க பூட்டிப் போட்ட வீட்டுக் கதவு ஒவ்வொண்ணுலயும் கதையில ஒரு துண்டு எழுதி வச்சேன். ஜனங்க கதவு கதவா படிச்சுக்கிட்டு வர்றாங்க. தையல்காரர் தன் கதவுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க வந்தவரு, பூட்டைத் திறந்து இங்கேயே தங்கிட்டாரு. டீக்கடை திறந்தாச்சு. இதுல உங்களுக்கு என்ன கோவம்?

— என்ன கோவமா? எங்க தாத்தா மீசையைப் பார்த்தா நாய்கூட ஒதுங்கி வழிவிடும். அவரை ஆடு துரத்தி, கூரை மேல ஏறி உக்காந்தார்னு எழுதியிருக்கே!

— அது பக்கத்து வீட்டுக் கதவு, பெரியப்பா. அதை நீங்க தொடவே இல்ல.

— கண்ணாடி எடுத்துட்டுப் போகல. எழுத்து தெரியல, கை பழகின நம்ம கதவையே துடைச்சுட்டேன்.

— நம்ம கதவுலதான் அவர் கம்பீரமா இறங்கி வந்து, ஊரே கைதட்ட, ஆட்டை மன்னிக்கிறாரு!

— மன்னிக்கிறாரா?

— மன்னிச்சாரு. இப்ப இல்ல. நீங்க துடைச்சதுலேர்ந்து கூரை மேலயேதான் இருக்காரு.

— ஐயா, முன் சீட்டு அம்மா என் சட்டையைப் பிடிச்சுட்டாங்க. 'பெரியவரு பசியோட மேலே உக்காந்திருக்காரு, இறக்காம வண்டியை எடுத்தே, தெரியும் சேதி'ங்கிறாங்க. பாதிப் பேரு இனிமே வரமாட்டோம்னு கத்துறாங்க.

— சரி, இறக்கித் தொலை. ஆனா ஆடு வேணாம்.

— ஆடுங்கிறதை அழிச்சிட்டு புலின்னு எழுதிடட்டுமா?

— புலின்னா இன்னொரு பஸ்ஸே விடுவாங்க. நான் சும்மா சொல்லல!

— புலி... புலின்னா மரியாதைதான். ஆனா எங்க வம்சத்துல பொய் சொன்னவன் கிடையாது.

— அப்ப ஆடுதான்.

— ஆடு இல்லேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்ல!

— பின்னே என்ன பெரியப்பா? ஏன் சுவத்தைப் பார்க்கிறீங்க?

— ஐயா, ஜனம் மூட்டையைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறுது.

— நிறுத்து அவங்களை. தள்ளு, நானே வாசல்ல நின்னு சொல்றேன். எல்லாரும் கேளுங்க! எங்க தாத்தா பத்திரமா இறங்கிட்டாரு, சாப்பிட்டாரு, தூங்கினாரு. இன்னொண்ணு. அவரை ஆடு துரத்துச்சுன்னு ஒரு புரளி உலாவுது. சுத்தப் பொய். துரத்தினது கோழி.