சத்தம் போடாத இன்ஜின்

காலையில் எழுந்ததும் காரின் பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து எண்ணெய் அளவைப் பார்ப்பேன். பிறகு பல் துலக்குவேன். ஒரு டம்ளர் டீ. கார்க் கண்ணாடியில் என் மாமியார் கட்டிவிட்டுப் போன பூ காய்ந்திருந்தால் எடுத்துப் போடுவேன். பிறகு துறைமுகத்துக்கு வேலைக்குப் போவேன். இன்று வேலைக்குப் போகாமல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் மனைவி யசோதரா போகியன்று இறந்துபோன வழக்கை நீங்கள் முடித்துவிட்டீர்கள், மேடம். ஆஸ்துமா, போகிப் புகை, இயற்கை மரணம். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். நல்ல உபசரிப்பு. கேள்விதான் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது எழுபத்து நான்காம் வருடத்து பியட். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் டிசம்பர் பிறந்தால் ஒரே சண்டை: குளிர்காலத்துக்கு எந்த எண்ணெய். ஊட்டிக்காரர் ஒருவர் மெல்லிய எண்ணெய்தான் என்று அடித்துச் சொல்வார். தண்டையார்பேட்டையில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்கு வைப்பது. ஆனாலும் நான் மெக்கானிக்கல் படித்தவன், விட முடியுமா. மாதம் முழுக்கப் படித்தேன். மெல்லிய எண்ணெய் பழைய இன்ஜினில் கசியும், இன்ஜின் சத்தம் போடும். நம் ஊருக்குக் கெட்டியான இருபது-ஐம்பது ரக எண்ணெய்தான். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. யசோதராவுக்கு எந்த மருந்து நல்லது என்று ஒரு நாளும் படித்ததில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார்.

அவளுடைய இன்ஹேலர் தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொன்னாள். நான் மோட்டார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு வரைக்கும் போய் எண்ணெய் வாங்கி வந்தேன். மருந்துக்கடை எங்கள் தெருமுனையில்தான். பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா.

போகிக்கு முந்தின மாலை பழைய எண்ணெயை வடியவிட்டேன். விடிந்தபோது சட்டி நிறையக் கறுப்பு எண்ணெய். சாக்கடையில் ஊற்றுவது சுற்றுச்சூழலுக்குக் கேடு. தெருவில் போகி எரிந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு மஜீது அண்ணன் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பகலவா, பொங்கலு நாளைக்குத்தான? இன்னிக்கே சட்டிய தூக்கினு வர?”

“பழைய ஆயில்ணே. நெருப்புல ஊத்திடலாம்னு.”

“யோவ், தங்கச்சி ராவெல்லாம் இருமிகினு இருந்துச்சு. எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு. படிச்ச புள்ள பண்ற வேலையா இது?”

“காத்து கடல் பக்கம் போவுதுண்ணே.”

சட்டியை நெருப்பில் கவிழ்த்தேன். காற்று கடல் பக்கம்தான் போனது. எங்கள் வீடு நெருப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் யசோதரா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பேச மூச்சு போதவில்லை, நெஞ்சைக் காட்டினாள். மஜீது அண்ணன் அதற்குள் ஆட்டோவைக் கிளப்பி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“ஏறும்மா.”

“வூட்ல கார் இருக்கும்போது ஆட்டோ எதுக்குண்ணே?” என்றேன்.

“அந்த டப்பாவா? அது கெளம்பறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரி போயிட்டு, டீயும் குடிச்சிட்டு வந்துருவேன்.”

அவளும் அந்தக் காரை டப்பா என்றுதான் சொல்வாள். நான் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குப் பின்னால் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். புகை உள்ளே வரக்கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். அந்த அளவுக்கு அக்கறை இருந்தது. பின் கதவுகளின் உள்கைப்பிடிகளை மெருகு போடக் கழற்றிக் கொடுத்திருந்தேன். வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.

“நா இங்கியே நிக்கிறேன். கெளம்பலன்னா ஒரு கொரல் குடு,” என்று வாசலிலிருந்து மஜீது அண்ணன் கத்தினார்.

புது எண்ணெய் இனிமேல்தான் ஊற்ற வேண்டும். புனலை வைத்து நிதானமாக ஊற்றினேன். அவசரப்பட்டால் வழியும். கம்பியைத் துடைத்து அளவு பார்த்தேன். ஸ்டார்ட் செய்தேன். கெட்டி எண்ணெய் மேலே ஏறிச் சுற்றி வரும்வரை வண்டியை நகர்த்தக்கூடாது. பழைய இன்ஜினுக்கு அதுதான் உயிர். ராயபுரம் ஆஸ்பத்திரி, புது எண்ணெயின் முதல் ஓட்டத்துக்கு அளவான தூரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் இழுப்புச் சத்தம் நின்றிருந்தது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். ‘நம்ம கார்லயே போலாம்’ என்றாள் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. அவள் அம்மா கெங்கம்மா அதைக் கேட்டுவிட்டுக் காரைக் கட்டிக்கொண்டு அழுதார். வெள்ளிக்கிழமை தோறும் வந்து பூக் கட்டுகிறார். எம்பொண்ணு ஆசப்பட்ட வண்டி, விக்காதீங்க மாப்ள என்கிறார். எனக்குக் காலையில் பூ பொறுக்கும் வேலை.

இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள், மேடம். அந்த இன்ஜின் அவ்வளவு அமைதியாக என்றைக்கும் ஓடியதில்லை. எண்ணெயைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அவள் கண்ணாடியைத் தட்டியது கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதும் கேட்டது.

“கதவத் தொற. மஜீது அண்ணன் இன்னும் நின்னுகினு கீறாரு.”